மூன்று பெட்டியும் ஒரு மையமும்

அடுத்தவர் விவகாரத்தை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் ஜெராக்ஸ் கடை அந்த மையத்தின் மாடிப்படிக்கு நேர் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். மேலே பேசினால் கீழே கேட்கும். கேட்காமல் போனதையும் அவர்களே எழுதி, பன்னிரண்டு பிரதி எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். தாள் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது எழுத்தும் கண்ணில் பட்டுத் தொலைக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

மையத்தின் முழுப் பெயர் மலை விளைபொருள் மின்வணிக வழிகாட்டு மையம். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம் நொடித்துப்போனபோது அதன் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். மண்டபத்தின் பழைய பெயர்ப்பலகைகளைக் கழற்ற டெண்டர் விட்டு இரண்டு வருடமாகிறது. அதனால் இயக்குநர் சிவசங்கர் இன்றுவரை 'மணமகன் அறை'யில்தான் உட்கார்ந்திருக்கிறார். கணக்குப் பிரிவுக்கு 'மணமகள் அறை'. முக்கியமான கூட்டங்கள் பந்தி போடும் ஹாலில் நடக்கும். அங்கே கை கழுவவும் வரிசையாகப் பத்துக் குழாய்கள் இருப்பது வசதி.

கல்வராயன் மலைக்காரர்கள் சாமையையும் தேனையும் அடிவாரத்து வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்குக் கொடுக்காமல், ஆன்லைனில் நேராக விற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட மையம் இது. 'மலைச்சந்தை' என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். மலைமேல் கரியாலூரில் முகாம் போட்டு, ஆளுக்கொரு பன்னும் டீயும் கொடுத்து, எல்லோருடைய கட்டைவிரலையும் பதிந்துகொண்டு இறங்கினார்கள். பிறகு ஒரு கிலோ, அரைக் கிலோ என்று சில்லறையாக நாலைந்து பேர் வாங்கினார்கள். மையத்துக்கும் அதனால் பெரிய தொந்தரவு இல்லை.

தொந்தரவு கொடுத்தவள் இருசம்மாள்.

கரியாலூர்க்காரி. நாற்பது வயது இருக்கும். பதினோரு வீட்டுப் பெண்கள் சேர்ந்து சாமையும் தேனும் விற்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி, ஏனென்றால் மற்ற பத்துப் பேரின் போனில் சார்ஜ் நிற்பதில்லை. அவளுக்கு ஒரு திங்கட்கிழமை தாம்பரத்திலிருந்து சுப்புராயன் என்பவர் ஆர்டர் போட்டார். அறுபதாம் கல்யாணம். வருகிற அறுபது ஜோடிக்கும் எவர்சில்வர் டப்பா கொடுத்துச் சலித்துவிட்டதாம். அரைக் கிலோ சாமையும் சின்னதாய் ஒரு பாட்டில் தேனும் துணிப்பையில் போட்டுக் கொடுக்க ஆசை. ஆக முப்பது கிலோ சாமை, அறுபது பாட்டில் தேன். விசேஷம் அடுத்த வாரம் ஞாயிறு. அதற்கு முந்தின வியாழக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் எவர்சில்வர் டப்பாதான்.

பதினோரு வீட்டிலும் அந்த வருடம் மிஞ்சியிருந்த சாமை மொத்தமே அவ்வளவுதான். இதில் போனால் நல்ல விலை. போகாவிட்டால் இருக்கவே இருக்கிறான் அடிவாரத்து வியாபாரி. தன் படியையும் தன் விலையையும் கையோடு கொண்டுவந்துவிடுவான்.

இருசம்மாள் மூன்று அட்டைப்பெட்டியில் சரக்கைக் கட்டினாள். மலையில் கண்ணாடிப் பாட்டிலை எப்படி அனுப்புவார்களென்றால், பெட்டிக்குள் துணி விரித்து, பாதி சாமை கொட்டி, பாட்டில்களை ஒன்றோடொன்று முட்டாமல் அதில் புதைத்து, மேலே மீதிச் சாமையைக் கொட்டி இறுக்கிவிடுவார்கள். தானியம் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும். உருட்டினாலும் உடையாது. பஞ்சு வேண்டாம், தெர்மாகோல் வேண்டாம். பெட்டிக்குப் பத்துக் கிலோ சாமை, இருபது பாட்டில். ஆக ஒரு பெட்டி பதினாலு கிலோ.

பிறகு போனைத் திறந்து 'பெட்டிகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் மூன்று என்று போட்டாள். திரை சிவப்பாகி, 'இது பல பெட்டி ஆணை. அனுப்புகைக் கட்டணம் மையத்தால் நிர்ணயிக்கப்படும். அதுவரை ஆணை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்றது.

மறுநாளே பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, மாடிப்படி ஏறினாள். பெட்டிப் பிரிவு சுபஸ்ரீயின் மேசைக்கு முன்னால் நின்றாள். பெட்டிப் பிரிவு துவங்கிய நாளிலிருந்து அங்கே வந்த முதல் ஆள் அவள்தான் என்பதால் சுபஸ்ரீக்குக் கொஞ்சம் பதற்றம்.

"எத்தனை ஆர்டர்மா?"

"ஒரு ஆர்டர்மா."

"எத்தனை பாக்ஸ்?"

"மூணு பொட்டிங்க."

"அப்ப மூணு ஆர்டர்தானே?"

"வாங்கறவரு ஒருத்தரு, போற வூடு ஒண்ணு, போற நாளும் ஒண்ணு. ஒரே பொட்டில வெச்சா தூக்க முடியாதுன்னுதான் மூணுல வெச்சிக்கினேன். அனுப்பற காசு இன்னான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அவரு கட்டிடறேன்றாரு."

"ஒரு வார்த்தையா?" சுபஸ்ரீ புத்தகத்தைப் புரட்டினாள். "உள்ள என்ன பொருள்?"

"சாமை. அதுக்குள்ள தேன்."

இங்கேதான் பிடித்தது. ஒரு பெட்டியில் ஒரு பொருள்தான் இருக்கலாம் என்பது விதி எண் நான்கு. பெட்டிக்குள் பொருள் உடையாமல் காக்க வைப்பது 'பொதிகாப்பு'. அது விற்பனைக்கல்ல என்பது விதி எண் ஏழு. இருசம்மாளின் சாமை பொருளா, பொதிகாப்பா? பொருள் என்றால் தேன் அங்கே இருக்கக் கூடாது. பொதிகாப்பு என்றால் அதை விற்கக் கூடாது.

"ரெண்டும்தாம்மா," என்றாள் இருசம்மாள். "போற வரைக்கும் பாட்டிலைக் காக்கும். போய்ச் சேந்தா சோறாவும்."

"அந்த மாதிரி கட்டம் படிவத்துல இல்லம்மா," என்று சுபஸ்ரீ உண்மையிலேயே வருத்தப்பட்டாள். விஷயத்தை மணமகன் அறைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு பிரதி எடுத்தேன்.

வியாழக்கிழமை இயக்குநரே அவளைக் கூப்பிட்டார். சிவசங்கர் நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசுவார்.

"அம்மா, எடை என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார்.

இருசம்மாள் தராசைத் தேடுகிறவள் மாதிரிச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பொருளுக்கு எடை உண்டு. அது உங்களுக்குத் தெரியும். ஆனால் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் எடை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் இடத்தின் எடை வரும். உலகமே இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறது. நம் மையம் ஒருபடி மேலே போய் இரண்டையும் கூட்டுகிறது. பாரபட்சம் கூடாது பாருங்கள்."

"இடத்துக்கும் துட்டா சார்? உள்ள காத்துதான இருக்கு."

"காற்றுக்கும் விலை உண்டும்மா."

"எங்க மலையில சும்மாதான் சார் குடுக்கறாங்க," என்றாள் அவள்.

பெட்டிகளை நேரில் அளந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார். வெள்ளிக்கிழமை மூன்று பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, மாடிக்குச் சுமந்து வந்தாள். மையத்தின் டேப்பைத் தரச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து டெய்லர் கடையில் இரவல் வாங்கினார்கள். டெய்லர் அங்குலம் என்றார், விதி சென்டிமீட்டர் என்றது. அதைச் சரிசெய்து முடிக்கவே மத்தியானம் ஆனது.

பிற்பகல் பந்தி ஹாலில் கட்டண நிர்ணயக் குழு கூடியது. ஒன்பது பேர். வடையும் காப்பியும் போயின. மூன்று பெட்டியையும் வரிசையாக வைத்து அளந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அளந்தார்கள். அடுக்கினால் உயரம் அதிகம், வரிசையாக வைத்தால் நீளம் அதிகம். எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று நாலரை மணிவரை வாக்குவாதம். ஐந்து பேர் நீளத்தின் பக்கம், நாலு பேர் உயரத்தின் பக்கம். கதவோரம் உட்கார்ந்திருந்த இருசம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நட்டு வெச்சாலும் படுக்க வெச்சாலும் அதே பொட்டிதான சார்?"

ஒன்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் பயனாளி பேசலாமா என்று விதியைத் தேடினார்கள். பேசக் கூடாது என்று இல்லை, பேசலாம் என்றும் இல்லை. எனவே அவள் பேசவில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒரு யோசனை வந்தது. இந்த மூன்று பெட்டியையும் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால்? ஒரே பெட்டி! பல பெட்டி என்ற பிரச்சினையே இல்லை! ஹாலே கைதட்டியது. கீழே கடையில் என் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. ஆனால் ஒரு பெட்டி பதினைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விதி எண் இரண்டு சொல்கிறது. பெரிய பெட்டி நாற்பத்திரண்டு கிலோ. அதிக எடையுள்ள பெட்டியை என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தார்கள். மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

"பாத்தியா யக்கா," என்று சாயங்காலம் என் கடைப் படியில் உட்கார்ந்தபடி இருசம்மாள் சொன்னாள். "காலையில இன்னா எடுத்தாந்தேனோ, அத்தையே தீர்மானம் போட்டு என் கையில குடுக்கறாங்கோ."

"கட்டணம் சொன்னாங்களா?"

"அத்தை மட்டும் சொல்லல."

அன்றைய கூட்டத்தில் இயக்குநர் பேசியதைத் தட்டச்சு செய்து பிரதி எடுக்க அனுப்பியிருந்தார்கள். என் கண்ணில் பட்ட பகுதியை அப்படியே தருகிறேன்: "கட்டணத்தைச் சொல்லிவிடுவது சுலபம். பார்சல் கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார். அதற்கு ஒரு மையம் எதற்கு? நாம் கட்டணம் சொன்னால் பெட்டி மறுநாளே போய்விடும். பெட்டி போய்விட்டால் நாளை நாம் எதை நிர்ணயிப்பது? அவசரப்பட்டுச் சேவை செய்யும் நிறுவனங்கள் நிலைத்ததில்லை. நம்மை நம்பி ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது."

அந்த ஒன்பது, கரியாலூரில் இருக்கும் பதினோரு குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

சனி, ஞாயிறு விடுமுறை; பெட்டிகள் ஹாலிலேயே இருந்தன. திங்கட்கிழமை இருசம்மாள் மறுபடி மலையிறங்கினாள். தாம்பரத்திலிருந்து சுப்புராயன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "எவ்ளோன்னு சொல்லும்மா, உடனே அனுப்பறேன். தொகை தெரியாம நான் எதைக் கட்டறது?" அவளும் அதே கேள்வியைத்தான் ஒரு வாரமாக மாடியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று குழு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. முடிவின் பெயர் 'முன்னோட்ட அனுப்புகை'. அதாவது, இந்த மூன்று பெட்டிக்கும் என்ன கட்டணம் ஆகும் என்பதை அறிய, இந்த மூன்று பெட்டியையும் அதே முகவரிக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது.

"அனுப்பிடுவீங்களா சார்?" இருசம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அனுப்பிவிடுவோம். ஆனால் உள்ளே சரக்கை வைத்தால் விதி நான்கும் ஏழும் இடிக்கும். எனவே காலிப் பெட்டியாக அனுப்புகிறோம்."

இருசம்மாளுக்குப் புரியவில்லை. கீழே கேட்டபோது எனக்கும் புரியவில்லை. மறுபடி தாளில் படித்தபோதும் புரியவில்லை. பந்தி ஹாலில் சாப்பாட்டு மேசைமேல் பேப்பர் ரோலை விரித்து, சாமையைக் கொட்டி, பாட்டில்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார்கள். அந்த மண்டபத்தில் பல வருடம் கழித்து அன்றுதான் வடை, காப்பி தவிர வேறு சாப்பிடும் பொருள் பரிமாறப்பட்டது. மூன்று காலிப் பெட்டிக்கும் டேப் ஒட்டி, 'கவனம், கண்ணாடி' என்று முத்திரை குத்தி, கூரியர்காரரிடம் ஒப்படைத்தார்கள். இருசம்மாள் இரண்டு கோணிப்பையில் சாமையையும், துணி மூட்டையில் பாட்டில்களையும் கட்டி என் கடையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

காலிப் பெட்டிகள் மின்னல் வேகத்தில் போயின. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இருசம்மாள் என் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது. சுப்புராயன் கத்தியது ஸ்பீக்கர் போடாமலேயே தெருவுக்குக் கேட்டது.

"இன்னாம்மா இது? மூணு பொட்டி வந்திருக்கு, மூணும் காலி! ஒரு மணி சாமை இல்ல! என் வூட்டுக்காரி சிரிக்கறா! கவனம், கண்ணாடின்னு வேற போட்டிருக்கு!"

"சார், அது சும்மா அளவு பாக்கறதுக்கு அனுப்பிச்சதுங்க…"

"அளவு பாக்கறதுக்கா? நான் இன்னா பொட்டியா கேட்டேன்? நாளைக்கு ராத்திரிக்குள்ள சரக்கு வரல, நான் டப்பா வாங்கிக்கறேன். சும்மா ஏமாத்திக்கினு இருக்காதீங்க."

ஏமாற்றுக்காரி என்று யாரும் அவளை அதுவரை சொன்னதில்லை. போனை முந்தானையால் துடைத்துவிட்டு அவள் மாடி ஏறினாள். நான் தடுக்கவில்லை, பின்னாலேயே ஏறினேன். பில் கொடுக்க வேண்டியிருந்தது.

மணமகன் அறையில் சிவசங்கர் மிக உற்சாகமாக இருந்தார். "வாங்கம்மா! முன்னோட்டம் வெற்றி! அரைக் கிலோகூட இல்லாத காலிப் பெட்டிக்கு மூன்றரைக் கிலோவுக்கான பணம் வாங்கியிருக்கிறார்கள். இடத்துக்கு எடை உண்டு என்று நான் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது."

"ரொம்ப சந்தோசம் சார். இப்பனாச்சும் கட்டணத்தைப் போட்டு ஆர்டரைத் தொறந்து வுடுங்க. சரக்கு கீழ கடையில கீது."

சுபஸ்ரீ கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "சார், அதுல பிரச்சினை. அந்த மூணு பாக்ஸும் போய்ச் சேர்ந்துடுச்சு. சிஸ்டம்ல ஆர்டர் 'ஒப்படைக்கப்பட்டது'ன்னு வந்துடுச்சு. முடிஞ்ச ஆர்டரைத் திறக்க முடியாது."

"முடிஞ்சிடுச்சா?" என்று இருசம்மாள் கேட்டாள். "சாமை இங்க கீது. தேனு இங்க கீது. இன்னா முடிஞ்சிடுச்சு?"

"நீங்கள் உணர்ச்சிவசப்படக் கூடாது," என்றார் சிவசங்கர். "பொருள் போகவில்லை என்பது உங்கள் கோணம். ஆணை நிறைவேறியிருக்கிறது என்பது எங்கள் கோணம். பல பெட்டி ஆணை ஒன்றை வெற்றிகரமாக முடித்த முதல் மையம் நம்முடையதுதான். நீங்கள் பெருமைப்பட வேண்டும்."

இருசம்மாள் வாசலுக்குத் திரும்பினாள். கதவுக்குமேல் 'மணமகன் அறை' பலகையைப் பார்த்தாள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க பாவம் சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

கீழே வந்து என் கடைக்குள் அங்குமிங்கும் பார்த்தாள். "யக்கா, பொட்டிங்கோ தாம்பரத்துல கீது. சரக்கு இங்க கீது. காலிப் பொட்டி எதுனா வெச்சிருக்கியா?"

என்னிடம் இருந்தது. ஜெராக்ஸ் தாள் வருகிற கெட்டி அட்டைப்பெட்டி, மூன்று. அந்த ஒன்பது நாளில் அவள் ஒருத்தியின் கோப்புக்குப் பிரதி எடுத்தே காலியானவை. அவளுடைய பெட்டி எந்த அளவோ, ஏறக்குறைய அதே அளவு.

தரையில் உட்கார்ந்தாள். துணியை விரித்தாள். பாதி சாமை, அதில் பாட்டில், மேலே மீதிச் சாமை. பெட்டியை உலுக்கிக் காதை வைத்துப் பார்த்தாள், சத்தமில்லை. நான் டேப் ஒட்டினேன். பன்னிரண்டரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம்.

சென்னை பஸ் கண்டக்டர் ராஜாங்கம் எனக்குத் தெரிந்தவர். அவர் பெண்ணின் டிசி முதல் எல்லாம் என்னிடம்தான் ஜெராக்ஸ். இறங்கி வந்தார். ஒரு பெட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். மற்ற இரண்டைத் தொடக்கூட இல்லை.

"மூணும் ஒரே கனமா?"

"ஆமாங்கண்ணா."

"கண்ணாடி எதுனா கீதா?"

"தேன் பாட்டிலு. சாமைக்குள்ள பொதைச்சி வெச்சிருக்கேன்."

"அப்ப ஒடையாது. நீயும் வர்றியா? உனக்கு ஒரு டிக்கெட்டு, லக்கேஜு மூணு. ஏறு ஏறு, பின்னாடி வண்டி ஆரன் அடிக்கறான்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எவ்வளவு நேரமாயிற்று என்று நான் கவனித்தேன். பக்கத்தில் ஒருவர் கேட்ட டீ இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது.

புதன் இருட்டுவதற்குள் மூன்று பெட்டியும் தாம்பரத்தில் இறங்கின. ஒரு பாட்டில்கூட உடையவில்லை. சுப்புராயன் வீட்டில் அவளை உட்காரவைத்துச் சோறு போட்டு, மையத்தின் மூன்று காலிப் பெட்டியையும் மடித்துக் கையில் கொடுத்தார்களாம். விசேஷத்துக்கு வந்தவர்களில் எட்டுப் பேர் அவள் நம்பரை வாங்கியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஆர்டர் நேராக அவள் போனுக்கு வருகிறது. வாரம் ஒருநாள் ராஜாங்கத்தின் பஸ் முன்னால் அவளைப் பார்க்கலாம். அடிவாரத்து வியாபாரி தன் படியை வீட்டில் வைத்துவிட்டு வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறானாம்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சுப்புராயன் நல்ல மனதோடு 'மலைச்சந்தை' தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'தேனும் சாமையும் பிரமாதம்' என்று எழுதித் தொலைத்தார். காலிப் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம். மையம் விடுமா? 'பல பெட்டிச் சாதனையாளர்' என்று ஒரு விருதை ஏற்படுத்தி, பந்தி ஹாலில் விழா வைத்தார்கள். சிவசங்கர் முக்கால் மணி நேரம் பேசினார். இருசம்மாள் வரவில்லை, மலையில் களையெடுப்பு. நாற்காலியில் அவள் படத்தை வைக்கலாமா என்று யோசித்து, உயிரோடு இருக்கிறவளுக்கு அது நன்றாக இராது என்று சுபஸ்ரீதான் தடுத்தாள்.

விருதை கரியாலூருக்கே அனுப்பிவிடுவது என்று தீர்மானமாயிற்று. ஒரு கேடயம், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம், ஒரு சால்வை. சால்வையைக் கேடயத்தின்மேல் சுற்றி ஒரே பெட்டியில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் சால்வை பொருளா, பொதிகாப்பா? எனவே விதி எண் நான்கின்படி தனித்தனியாக மூன்று பெட்டி.

பல பெட்டி ஆணை. அனுப்புகைக் கட்டணம் மையத்தால் நிர்ணயிக்கப்படும்.

ஏழு மாதமாகிறது. குழு இதுவரை பதினாறு முறை கூடியிருக்கிறது. போன வாரம் இருசம்மாள் சரக்கோடு என் கடை வாசலில் நிற்கும்போது, சிவசங்கர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அம்மா! உங்கள் விருது தயாராக இருக்கிறது! அனுப்பத்தான் கொஞ்சம்…"

"எத்தினி பொட்டி சார்?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"மூன்று."

"ஒண்ணும் அவசரமில்ல சார். எம் பேரன் பொறக்கட்டும், வந்து வாங்கிக்குவான்."

அவளுடைய மூத்த மகளே இப்போதுதான் எட்டாவது படிக்கிறாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "யக்கா, அடுத்த வாரம் அஞ்சு பொட்டி வேணும்," என்றாள். நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். பதினேழாவது கூட்டத்துக்கு மேசை இழுக்கிற சத்தம் கேட்டது. கிடைக்கும் என்று சொன்னேன். அவ்வளவு தாளும் அதற்குள் காலியாகிவிடும். மலை மக்களுக்கு மையம் ஒன்றுமே செய்யவில்லை என்று இனி யாராவது பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன்; அவள் சரக்கு அனுப்புகிற பெட்டி ஒவ்வொன்றும் அவர்கள் உழைப்பில் காலியானது.